கேறி வாருங்க

தமிழ்நாட்டில் மற்ற இடங்களில் பேருந்தில் ஏறுவார்கள், வீட்டுக்குள் வருவார்கள். கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரைக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட ஊர்களில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும். கேறு. வண்டியில் கேறு, திண்ணையில் கேறு, கோயிலில் கேறு. மலையாளம் என்று நினைத்தால் மலையாளம். குமரி மாவட்டத்துத் தமிழ் என்று நினைத்தால் தமிழ். அந்தச் சொல்லுக்கு எல்லைக்கோடு கிடையாது. 'கேறி வாருங்க' என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் உபசாரம் எதுவும் வேண்டியதில்லை.

இந்தச் சொல்லை 29 வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு சொன்னவர் ஒருவர் பாறசாலையில் இருக்கிறார். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து 2013இல் ஓய்வு பெற்றவர். பிறந்தது 1957இல். திருவிதாங்கூரின் தெற்கே கோடு கிழித்து, இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் சென்னை மாநிலம் என்று பிரித்ததற்கு மறு வருடம். அப்பாவுக்குப் பாறசாலை, அம்மாவுக்குக் குழித்துறை. கல்யாணம் நடந்தபோது இரண்டு ஊரும் ஒரே ராஜ்யத்தில் இருந்தன. மகன் பிறந்தபோது அம்மா வீடு வெளிமாநிலம். அப்பா மலையாளத்தில் பற்று வரவு எழுதுவார். அம்மா தமிழில் திட்டுவாள். மகனுக்கு எந்த பாஷையில் கனவு வரும் என்று கேட்டால், சில்லறை இல்லாத கனவுதான் வருகிறது, அதற்கு பாஷை எதற்கு என்கிறார்.

யார் வந்தாலும் முகம் சுளிக்காத இடங்கள் உங்கள் பக்கத்தில் எவை என்று அவரிடம் கேட்டால் ஊர் ஊராகச் சொல்வதில்லை. ஸ்டாப் ஸ்டாப்பாகச் சொல்கிறார். வடக்கே பாலராமபுரத்தில் ஆரம்பித்து, நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை என்று இறங்கி, களியக்காவிளையில் எல்லை தாண்டி, தக்கலையில் முடிகிறது பட்டியல். அதில் பெரிய ஓட்டல் இல்லை. பூங்கா இல்லை. சுற்றுலாத் துறை படம் எடுத்துப் போடும் பூவாறு கடற்கழிகூட இல்லை. முதலிடம் எந்த ஸ்டாப்புக்கும் இல்லை, வண்டிக்கே.

கொஞ்சம் தொழில் அபிமானம் இருக்கலாம். ஆனால் சரித்திரமும் அவர் பக்கம்தான் நிற்கிறது. திருவிதாங்கூர் அரசு முதன்முதலாகப் பேருந்து விட்டது 1938 பிப்ரவரியில். தடம், திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி. சித்திரைத் திருநாள் மகாராஜா தொடங்கி வைத்தார். லண்டன் போக்குவரத்து நிறுவனத்தில் வேலை பார்த்த சால்ட்டர் என்ற வெள்ளைக்காரரை வரவழைத்து மேற்பார்வைக்கு வைத்திருந்தார்கள். அதற்குப் பதினைந்து மாதம் முன்னால், 1936 நவம்பர் 12 அன்றுதான், அரசுக் கோயில்களின் கதவுகள் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிடப்பட்டிருந்தன. கோயில் திறந்தாலும் உள்ளே போனவர்கள் ஒதுங்கித்தான் நின்றார்கள்; பழக்கம் அப்படி. பேருந்தில் ஒதுங்குவதற்கு இடம் கிடையாது. வளைவில் வண்டி சாய்ந்தால் பக்கத்தில் இருப்பவர் மேல் சாயத்தான் வேண்டும்.

அவருடைய அப்பா சிறுவனாக முதல் தடவை இந்தத் தடத்தில் போனபோது காலி இருக்கை இருந்தும் நின்றுகொண்டே போனாராம். நடத்துநர் வந்து தோளைத் தொட்டு அழுத்தி உட்காரவைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தோளைப் பற்றி அப்பா சாகும்வரை பேசினார். மகன் வேறு இரண்டு வேலைக்கான உத்தரவுகள் வந்தும் காக்கிச் சட்டையைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்தத் தோள்தான் காரணம்.

அப்பாவுக்கும் முந்தின தலைமுறைக்குப் பேருந்து என்ன, சாலையே கிடையாது. இந்தச் சாலைக்கு மேற்கே இருக்கும் வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, 1893இல் வெள்ளை வேட்டியும் தலைப்பாகையும் அணிந்து, வில்வண்டி பூட்டி, பொதுச்சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். புலையர் நடக்கக் கூடாத சாலையில் சவாரி. சில வருடங்கள் கழித்து அவரும் ஆட்களும் பாலராமபுரம் சாலியர் தெரு வழியாக நடந்தபோது அடிதடி மூண்டது. அந்தச் சாலியர்கள் யார்? பாலராம வர்மா மகாராஜா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து நெசவுக்கென்று கூட்டிவந்து குடியமர்த்தப்பட்டவர்கள். வரவேற்று வீடு கொடுக்கப்பட்டவர்களின் தெருவில், மண்ணின் மகனுக்கு வழி இல்லை. ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு என்று இன்றும் அங்கே தறிச் சத்தம் கேட்கிறது. முன்னைப்போல் அடர்த்தியாக இல்லை. ஓணத்துக்கு முன்னால் கசவு வேட்டி வாங்க எல்லாச் சாதிக்காரரும் அந்தத் தெருவுக்குள் போகிறார்கள். நடத்துநரும் போகிறார். வாசல் தறியில் இருப்பவர் குழியிலிருந்து எழாமலே தலையை அசைத்து உள்ளே வரச் சொல்கிறார். கால் மிதியில் இருக்கும்போது எழுந்து வரவேற்க முடியாது. அதுவே இவருக்குப் பிடித்திருக்கிறது.

இந்தச் சாலையைப் பற்றி இன்னொரு கதையும் சொல்லவேண்டும். மலையாளத்தின் முதல் சினிமா 'விகதகுமாரன்'. எடுத்தவர் ஜே.சி. டானியல், நாயர் பெண்ணாக நடித்தவர் பி.கே. ரோசி என்ற தலித் பெண். திருவனந்தபுரத்துப் பார்வையாளர்கள் அதைப் பொறுக்காமல் அவரைத் துரத்தினார்கள். தெற்கே போகும் லாரி ஒன்றில் அவர் ஏறித் தப்பினார். அந்த லாரியின் ஓட்டுநரையே மணந்து நாகர்கோவிலில் வேறு பெயரில் வாழ்ந்து முடித்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. டானியலுக்கும் கடைசிக் காலத்தில் கோடு குறுக்கே வந்தது. அவர் குடியிருந்த அகஸ்தீஸ்வரம் தமிழ்நாட்டில் இருந்ததால் கேரளத்தின் கலைஞர் உதவித்தொகை கிடைக்கவில்லை. 1975இல் இறந்துபோனார். பிற்பாடு அவர் பெயரால் விருது ஏற்படுத்தி, கேரளம் வருடாவருடம் சினிமாக்காரர்களுக்குக் கொடுத்துவருகிறது. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நடத்துநர் அந்தப் பெயர் தெரிந்த ஓட்டுநரைத்தான் நினைக்கிறார். ராத்திரியில் கை காட்டிய பெண்ணுக்கு வண்டியை நிறுத்தியவர்.

பாலராமபுரத்திலிருந்து காட்டாக்கடை போகும் கிளைச் சாலையில் ஊரூட்டம்பலம் வருகிறது. அது அவருடைய தடமல்ல. ஆனாலும் பட்டியலில் உண்டு. அங்கே உள்ள அரசுப் பள்ளிக்கூடத்துக்கு அய்யன்காளி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சமி என்ற சிறுமியைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அரசு உத்தரவு கையில் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தைக் கொளுத்தினார்கள். எங்கள் பிள்ளைகள் படிக்காவிட்டால் உங்கள் வயலில் புல்தான் முளைக்கும் என்று அய்யன்காளி சொல்ல, கூலிக்காரர்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். இந்தியாவில் விவசாயத் தொழிலாளர் நடத்திய ஆரம்பகால வேலைநிறுத்தங்களில் அது ஒன்று. கேட்டது கூலி உயர்வு மட்டுமல்ல, பள்ளிக்கூடத்தில் இடம். தீயில் தப்பிய பெஞ்சு ஒன்றை அந்தப் பள்ளியில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 2022 டிசம்பரில் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சேர்த்துச் சூட்டினார்கள். பேத்தியை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டியபோது, இந்த பெஞ்சில் யாரும் உட்காரக் கூடாதா என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

நெய்யாற்றின்கரையில் எல்லோரும் காட்டுகிற இடம் ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் உள்ள அம்மச்சிப் பிலாவு. எட்டுவீட்டில் பிள்ளைமார் துரத்தியபோது மார்த்தாண்ட வர்மா ஒளிந்துகொண்ட பலாமரத்தின் பொந்து. பட்டுப்போன மரத்தைக் கம்பி கட்டிக் காப்பாற்றி வருகிறார்கள். ராஜாவுக்கு அடைக்கலம் கொடுத்த மரம், சரி. ராஜாவுக்கு அடைக்கலம் கொடுக்க எந்த மரமும் முன்வரும் என்பது நடத்துநரின் கட்சி. அவர் பட்டியலில் இருப்பது அதே ஊரில், ஊரூட்டுகாலையில் உள்ள மாதவி மந்திரம். காந்தியின் சீடர் ஜி. ராமச்சந்திரன் தன் தாயார் நினைவாக ஏற்படுத்திய இடம். 1904இல் நெய்யாற்றின்கரையில் பிறந்தவர், சாந்திநிகேதனில் படித்தவர். டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள், இளம் வயதில் விதவையான டாக்டர் சௌந்தரத்தை 1940இல் மணந்தார். இருவரும் ஒரு வருடம் ஒருவரையொருவர் பார்க்காமலும் கடிதம் எழுதாமலும் இருந்து பாருங்கள், பிறகும் மனம் மாறாவிட்டால் பார்க்கலாம் என்று காந்தி நிபந்தனை போட்டார். மனம் மாறவில்லை. மலையாளி நாயரும் தமிழ் அய்யங்கார் விதவையும் சேர்ந்து 1947இல் திண்டுக்கல் பக்கத்தில் உண்டாக்கியதுதான் காந்திகிராமம். தன் அம்மாவும் அப்பாவும் இதைவிடச் சிறிய காந்திகிராமம் ஒன்றை நடத்தினார்கள், அதில் அடிக்கடி கலவரமும் நடந்தது என்று சிரிக்கிறார் இவர்.

அருவிப்புரம் வேறு சங்கதி. அங்கே போகும்போது அவர் பேச்சு குறைந்துவிடுகிறது.

நெய்யாற்றின்கரையிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் உள்ளே, நெய்யாறு பாறைகளில் இடித்துக்கொண்டு திரும்பும் இடம். மேலே கொடிதூக்கி மலை. 1888 சிவராத்திரி அன்று நாராயண குரு ஆற்றின் சங்கரன் குழி என்ற ஆழத்தில் மூழ்கி ஒரு கல்லை எடுத்துவந்து, கரைப் பாறை மேல் சிவனாக நிறுவினார். கோபுரம் கிடையாது, மந்திரம் தெரிந்த தந்திரி கிடையாது. ஓலையும் மாவிலையும் கட்டிய பந்தல். பிராமணர் அல்லாதவர் சிவனைப் பிரதிஷ்டை செய்ய என்ன அதிகாரம் என்று கேட்டு வந்தவர்களுக்கு, தான் வைத்தது ஈழவச் சிவனைத்தானே என்று அவர் சொன்ன பதில் கேரளத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பதிலில் பணிவு எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று இன்னும் அளந்து முடியவில்லை. சாதிப் பிரிவோ மதப் பகையோ இல்லாமல் எல்லோரும் சகோதரர்களாக வாழும் முன்மாதிரி இடம் இது என்ற கருத்தில் நான்கு வரி எழுதி வைத்தார். கோயில் வாசலில் என்ன எழுதி வைப்பார்கள்? யார் வரக் கூடாது என்று. இங்கே யாரெல்லாம் வரலாம் என்று எழுதினார்கள். அங்கே கூடிய சிறு சங்கத்திலிருந்துதான் 1903இல் ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன யோகம் பிறந்தது.

தமிழருக்கு இந்தக் குரு அந்நியரல்ல. தைக்காடு அய்யாவு சுவாமிகளிடம் யோகம் பயின்றவர். தமிழில் பதிகங்கள் எழுதியவர், குறளில் ஒரு பகுதியை மலையாளத்தில் தந்தவர். அருவிப்புரத்துக்கு வருவதற்கு முன் தவமிருந்தது நாகர்கோவிலுக்குத் தெற்கே மருத்துவாழ்மலையில். அந்த மலைக்குச் சற்றுத் தூரத்தில் சுவாமித்தோப்பில், அவர் பிறப்பதற்கு முன்பே அய்யா வைகுண்டர் எல்லாச் சாதிக்கும் ஒரே கிணறு வெட்டி, ஒரே வரிசையில் நின்று தண்ணீர் எடுக்கவைத்திருந்தார். தெற்கே கிணற்றில் தொடங்கியது வடக்கே ஆற்றுக்கு வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே ராஜ்யம், ஒரே சாதிக் கொடுமை. கோடு அப்போது இல்லை.

நடத்துநர் வேலையில் இருந்தபோது வார ஓய்வு நாளில் அருவிப்புரம் போவார். உடன் வருபவர் அவருடைய வண்டியின் ஓட்டுநர், பூவாறு முஸ்லிம். இருவரும் பாறையில் உட்கார்ந்து பொதிச்சோறு பிரிப்பார்கள். மரச்சீனி, மீன் கறி, வாழை இலை வாட்டிய மணம். கோயில் பக்கத்தில் மீன் சாப்பிடலாமா என்று ஓட்டுநர் முதல் தடவை கேட்டார். கோயில் எல்லை தாண்டி, ஆற்றின் வளைவுக்கு அப்பால் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வரவேற்பு இருக்கிறது என்பதற்காகத் தலைமேல் ஏறிவிடக் கூடாதே. ஓட்டுநர் 2016இல் இறந்துவிட்டார். இப்போது இவர் போகிறார், பொதி கொண்டு போவதில்லை.

பாறசாலையில் அவருக்குப் பிடித்தது ரயில் நிலையம். கேரளத்தின் தென்கோடி ஸ்டேஷன். 1979இல் திருவனந்தபுரம்–நாகர்கோவில் பாதை வந்தபோது உண்டானது. பெரிய வண்டிகள் பலவும் நிற்காமல் போய்விடும்; அதனால்தான் அங்கே நிம்மதி. மாலை நேரத்தில் பெஞ்சில் அரசுக் கல்லூரிப் பையன்கள், மார்த்தாண்டத்துக்குத் தேன் வாங்கப் போய்த் திரும்பும் பெண்கள், கட்டட வேலை முடிந்த வங்காளத்துப் பையன்கள். வெளிமாநிலத் தொழிலாளிகளைக் கேரள அரசு 'அதிதி தொழிலாளி' என்கிறது, விருந்தாளித் தொழிலாளி. பெயர் அழகாக இருக்கிறது. விருந்தாளி தகரக் கொட்டகையில் எட்டுப் பேரோடு படுக்கிறான் என்பதையும் சொல்லவேண்டும்.

இஞ்சிவிளைக்குப் போகும் வழியில் உள்ள தட்டுக்கடையில் அந்தப் பையன்கள் 'சாய்' என்கிறார்கள், ஊர்க்காரர்கள் 'சாயா' என்கிறார்கள், எல்லைக்கு அப்பாலிருந்து வரும் லாரிக்காரர்கள் 'டீ' என்கிறார்கள். கடைக்காரப் பெண்மணி மூன்றுக்கும் ஒரே கெட்டிலைத்தான் சாய்க்கிறாள். கணக்கு மலையாளத்தில், சத்தியம் தமிழில், விரட்டுவது இந்தியில்.

"அண்ணா, கேறி இரியுங்க. சாயா எடுக்கட்டா?"

"மதுரம் வேண்டாம் மக்களே."

"சர்க்கரை உள்ள ஆளுக்கு நான் சீனி போடுவனா? ரசவடை இருக்கு, தரட்டா?"

ஒரு மாலை, திருவனந்தபுரம் போகும் வழியில் திருநங்கைகள் இருவர் அந்தக் கடையில் இறங்கினார்கள். மூலையில் இருந்தவர்கள் ஏதோ முணுமுணுத்தார்கள். கடைக்காரப் பெண்மணி அதே குரலில், "கேறி இரி மோளே, கட்டனா பாலா?" என்றாள். முணுமுணுப்பு நின்றது. திருநங்கைகளுக்கென்று ஒரு கொள்கை அறிவித்த முதல் இந்திய மாநிலம் கேரளம், 2015இல். அந்தக் கொள்கையை அவள் படித்திருக்க வாய்ப்பில்லை.

களியக்காவிளைக்கு வரும்போது பட்டியலில் அடித்தல் திருத்தல் இருக்கிறது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் தெற்கே போயின. நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கேரளத்தில் நின்றுவிட்டது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டு, தமிழ்நாட்டோடு சேரக் கேட்டவர்கள் செத்தார்கள். நடத்துநரின் அம்மா வீட்டில் அந்த நாளைச் சொல்லி அழுவார்கள். அப்பா வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போவார்கள். பிற்பாடு கோடு பழகிவிட்டது. சந்தைக்கு, கல்யாணத்துக்கு, பல் பிடுங்க, சினிமா பார்க்க என்று தினமும் தாண்டினார்கள். தாண்டுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் தாண்டினார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அமரவிளை வணிகவரிச் சாவடியின் முன்னால் மணிக்கணக்கில் காத்துக்கிடந்த லாரி வரிசையும் மறைந்தது.

நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குக் கிளம்புவார்கள். அரண்மனை இருப்பது தமிழ்நாட்டு மண்ணில், பராமரிப்பது கேரள அரசு. சுவாதித் திருநாள் காலத்திலிருந்து நடக்கும் ஊர்வலம். களியக்காவிளையில் தமிழ்நாடு போலீஸ் மரியாதை செய்து அனுப்ப, கேரள போலீஸ் மரியாதை செய்து ஏற்றுக்கொள்ளும். சாமிகள் பாறசாலை மகாதேவர் கோயிலில் இளைப்பாறி, நெய்யாற்றின்கரையில் ராத்தங்கிப் போவார்கள். அன்று வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். நடத்துநர் வேலையில் இருந்தபோது வருடாவருடம் சரஸ்வதியைச் சபித்திருக்கிறார். வழிநெடுக வீட்டு வாசலில் குத்துவிளக்கும் பழத்தட்டும் வைத்து நிற்பவர்களில் வேத கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு. வாசலைக் கடந்து போகிற விருந்தாளிக்கு எழுந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

2020 ஜனவரி 8 இரவு, களியக்காவிளைச் சாவடியில் காவலில் இருந்த தமிழ்நாட்டுச் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக்கொல்லப்பட்டார். பேருந்துகளில் பையைப் பிரித்துப் பார்ப்பது தொடங்கியது. தாடி வைத்தவர்களின் பையை இன்னும் கொஞ்சம் நன்றாகப் பிரித்தார்கள். அது அடங்குவதற்குள் மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. கோடு திடீரென்று சுவராகிவிட்டது. சந்துகளிலும் ரப்பர் தோட்டத்து ஊடுவழிகளிலும்கூடத் தடுப்பு. தாண்டவேண்டுமென்றால் பாஸ் எடுக்கவேண்டும்.

அந்த ஜூன் மாதம் அவருடைய அக்கா இறந்தாள். அம்மாவின் ஊரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். பாஸுக்கு விண்ணப்பித்துவிட்டு, பொறுக்கமுடியாமல் தடுப்புவரை போனார். அந்தப் பக்கம் அக்கா மகன் பைக்கில் வந்து நின்றான். பத்தடி இடைவெளி. இரண்டு பக்கத்துக் காவலர்களுக்கும் இவரை முகம் தெரியும். ஒருவர் இவருடைய வண்டியில் பள்ளிக்கூடம் போனவர். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் பாத்துக்கிடுதேன் மாமா. நீங்க வீட்டுக்குப் போங்க."

பாஸ் மறுநாள் மதியம் போனில் வந்தது. காலையிலேயே அடக்கம் முடிந்திருந்தது. லட்சக்கணக்கான பேரை இந்தத் தடத்தில் ஏற்றி இறக்கியவருக்கு ஒரு சவாரி கிடைக்கவில்லை. நோய் பரவாமல் தடுக்க வேறு வழியில்லை என்பது அவருக்கும் தெரியும். யார் மேலும் குற்றம் சொல்வதில்லை. ஆனால் அதற்கப்புறம் இரண்டு வருடம் அவர் பட்டியலில் களியக்காவிளை இல்லை. 2022இல், மீன் வாங்கப் போன ஒரு காலையில், சந்தையில் மீன்காரி இவரைப் பார்த்து இவ்வளவு நாள் எங்கே போய்த் தொலைந்தீர் என்று சத்தம் போட்டாள். நெய்மீன் தலையைக் காசு வாங்காமல் பையில் போட்டாள். திரும்பவும் சேர்த்துக்கொண்டார்.

பட்டியலில் என்றைக்கும் சேராத இடங்களும் உண்டு. பிற மதத்தவருக்கு அனுமதியில்லை என்ற பலகை தொங்கும் கோயில்கள். பூவாறு ஓட்டுநர் எத்தனையோ தடவை அப்படிப்பட்ட வாசல்களில் செருப்புக்குக் காவல் நின்றிருக்கிறார். இவர் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்து அவருக்கும் சேர்த்துப் பாயசம் வாங்கிவருவார். ஓட்டுநர் குடித்துவிட்டு, உங்கள் சாமிக்கு என்மேல் கோபம் ஏலக்காய் அளவுக்குத்தான் என்பார். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் வழக்கத்தை விடவேண்டும் என்று 2024 டிசம்பர் 31 அன்று சிவகிரித் தீர்த்தாடன மாநாட்டில் மடாதிபதி சச்சிதானந்த சுவாமி சொன்னார். பூணூல் இருக்கிறதா என்று பார்க்க வந்த வழக்கம் அது என்றார். முதலமைச்சர் ஆதரித்தார், வேறு பலர் எதிர்த்தார்கள். நடத்துநருக்கு இதில் திட்டமான கருத்து இருக்கிறது. காக்கிச் சட்டையோடு ஒரு தடவையாவது உள்ளே போய்க் கும்பிட்டிருக்கவேண்டும், அது நடக்காமல் ஓய்வு பெற்றாகிவிட்டது என்கிறார்.

கடைசி ஸ்டாப் தக்கலை. தமிழில் ஞானப் பாடல்கள் எழுதிய சூஃபி, பீர்முகம்மது அப்பா அடங்கிய இடம். நெய்து பிழைத்தவர் என்பார்கள். வருடத்தில் ஒரு ராத்திரி, ரஜப் மாதத்தில், அவருடைய 'ஞானப்புகழ்ச்சி'யை விடிய விடியக் கூட்டமாக ஓதுவார்கள். முதன்முதலில் பூவாறு ஓட்டுநர்தான் கூட்டிக்கொண்டு போனார். இவர் தயங்கி வாசலில் நின்றபோது ஓட்டுநர் கேலி செய்தார். செருப்புக்குக் காவல் நிற்க இங்கே ஆள் தேவையில்லை, கேறி வாரும் என்று. ஓட்டுநர் போன பிறகும் இவர் வருடம் தவறாமல் போகிறார். தமிழில் ஓதுவதால் பாதி புரிகிறது. மீதியைப் பின்தொடர்வதற்குப் புத்தகம் வேண்டும், ஆனால் இவருக்குக் கண்ணாடி போட்டாலும் ராத்திரியில் சிறு எழுத்து தெரிவதில்லை. போன வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன், பதினாறு பதினேழு வயதிருக்கும், தன் புத்தகத்தைப் பாதி இவர் பக்கம் நகர்த்தி, ஓதுகிற வரிக்கு அடியில் விரலை வைத்து ஓட்டிக்கொண்டே வந்தான். விடிகாலை நாலு மணிவரை அந்த விரல் நகர்ந்துகொண்டிருந்தது. பெயர் என்ன, ஊர் எது என்று அவனும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.